குழாய் வீடும் கப்பல்காரர் மனைவியும்

எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் வருகிறவர்கள் தெருப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கி, "குழாய் வீடு" என்றால் போதும். தண்ணீர்க் குழாய் அல்ல. ஊர்க் கோவில் கொடைக்கும் சர்ச் அசன விருந்துக்கும் வேப்பமரத்து உச்சியில் கட்டிப் பாட்டுப் போடுவார்களே, அந்த ரேடியோ குழாய். ஒடுங்கிய கழுத்தும் அகன்ற வாயுமாகப் பெரிய ஊமத்தம்பூ மாதிரி இருக்கும். இப்போது யாரும் அதைத் தேடுவதில்லை. ஆள் உயரத்துக்குப் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர்கள் வந்துவிட்டன. சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வேண்டாமென்று மூலையில் போட்ட குழாய்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. கொண்டுவந்து சேர்த்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். பீடி, சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தவறாமல் வருவார். முதல் குழாய் வந்தது என் பிறந்த ஊரான குளத்தூரிலிருந்துதான். அசனத்துக்குப் போயிருந்தபோது, மைக் செட் வைத்திருந்தவர் வீட்டுப் புறவாசலில் அது கவிழ்ந்து கிடந்தது. உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. இவர் அங்கேயே குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் பொறுத்திருந்து, அடுத்த முறை போனபோது கேட்டு வாங்கிக்கொண்டார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து, விளாத்திகுளம் வழியாக அந்த வெயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான்தான்.

"இது என்னத்துக்கு நமக்கு?" என்று கேட்டேன்.

"குப்பையில கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு" என்றார்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் இன்றைக்கும் அவர் சொல்கிற பதில் அதுதான். அவர் அதில் பாட்டுப் போடுவதில்லை. ஒடுக்கு எடுப்பார், துரு சுரண்டுவார், சில்வர் பெயிண்ட் அடிப்பார், காய்ந்ததும் இடம் பார்த்து வைப்பார். அவ்வளவுதான். மில் விட்டு வந்ததும் பண்டல் பிரிக்கிற மாதிரி ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரியும். கல்யாணமான புதிதில் என்னைப் பார்க்கும்போது அந்த முகம் இருந்ததா என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு. ஞாபகம் வரவில்லை.

எங்கள் வீடு பெரிய வீடு இல்லை. ஒரு ஹால், இரண்டு ரூம், அடுப்படி. முதலில் பின் ரூம் நிறைந்தது. அடுத்து மகள் படுத்த கட்டிலுக்கு அடியில். அவள் நர்சிங் படிக்கத் திருநெல்வேலி ஹாஸ்டலுக்குப் போன பிறகு கட்டிலுக்கு மேலேயும். பிறகு ஹாலில் சுவரோரமாக ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கினார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் வரிசை. நான் தையல் மெஷினை ஹால் ஜன்னல் பக்கம் போட்டிருந்தேன். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி வரும், நைட்டி தைத்துக் கொடுப்பேன். அந்த ஜன்னலையும் குழாய்கள் பாதி மறைத்துவிட்டன. பகலிலேயே லைட் போட்டுத்தான் ஊசியில் நூல் கோப்பேன்.

ஆடி மாதம் வந்தால் எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண்ணை வாரி வந்து வீட்டுக்குள் கொட்டும். ஒவ்வொரு குழாயின் வாய்க்குள்ளும் கருப்பாய் ஒரு கைப்பிடி மண் சேரும். குளவி கூடு கட்டும். பல்லி முட்டையிடும். தட்டித் தட்டித் துடைத்து முடிப்பதற்குள் முதலில் துடைத்ததில் மறுபடி மண் இருக்கும். மாடியில் இருப்பவை காற்றில் ஊளையிடும். ஒரே சத்தமாக இல்லை. பெரிய வாய் ஒரு மாதிரி, சின்ன வாய் ஒரு மாதிரி. அடுப்படியில் நிற்கும்போது, ஆட்கள் நிறைய வந்து வாசலில் காத்திருப்பது போலவே இருக்கும்.

இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் மனசு பொறுக்காமல் குளத்தூருக்குப் போய் என் அண்ணனிடம் அழுதேன்.

அண்ணன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "மாப்பிள்ள குடிக்காரா?" என்றான்.

"இல்ல."

"அடிக்காரா?"

"இல்ல."

"வேற தொடுப்பு கிடுப்பு?"

"ச்சே, அதெல்லாம் இல்லண்ணே."

"பெறகு என்னத்துக்குப் பிள்ள அழுத? அவனவன் பொண்டாட்டி தாலிய அத்துக் குடிக்கான். இவரு குழாயத் தொடச்சு வைக்காரு. வச்சுட்டுப் போட்டுமே."

மதினி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அவள் புருஷன்தான் என் அண்ணன். அவன் குடிப்பான். அவள் பார்வைக்கு முன்னால் என் அழுகை எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட இராமல் பஸ் ஏறினேன்.

சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கடைசியாக ஜெப விண்ணப்பம் கேட்பார்கள். ஒரு அக்கா வீட்டுக்காரருக்குக் குடியிலிருந்து விடுதலை வேண்டும் என்பார். இன்னொருவர் கடன் கஷ்டம் என்பார். என் முறை வரும்போது நான் "மகள் படிப்புக்காக" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். குழாயிலிருந்து விடுதலை வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கர்த்தரே சிரித்துவிடுவார்.

ஒரு தடவை எங்கள் சபைப் போதகர் ஐயரும் அவர் மனைவியும் வீடு சந்திக்க வந்தார்கள். உட்கார இடமில்லை. இரண்டு குழாயைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஐயரம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "இத்தனையும் எக்காளமா ஊதுனா எரிகோ மதிலயே இடிச்சுரலாம் போலயே" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரிக்க நான் நன்றாகப் பழகியிருந்தேன்.

மகள் விஷயம்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். அவளும் கூட வந்திருந்தாள். அந்தப் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்திருக்கிறார்கள். எனக்கு போன் வந்தது.

"எம்மா, நீயும் அப்பாவும் ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன். கல்யாண மண்டபம் நம்ம தெருவத் தாண்டித்தான். நாங்க போற வரைக்கும் கதவச் சாத்திக்கிட்டு இரும்மா. மெஷினு ஓட்டாத."

"சரிட்டி."

"கோவமாம்மா?"

"இல்லட்டி. சாத்திக்கிடுதேன்."

கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஹால் தரையில் உட்கார்ந்தேன். ஃபேனைக்கூட நிறுத்திவிட்டேன். வெயில் நேரம். குழாய்கள் சூடேறி 'டிக் டிக்' என்று சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஆட்டோ சத்தம் வந்து எங்கள் வாசலுக்கு நேரே நின்றது. டிரைவர் வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி சொன்னார்: "மேல பாருங்க, இதான் குழாய் வீடு. கோவில்பட்டியில கடல மிட்டாய்க்கு அடுத்து இதுதான் ஃபேமசு." பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி, "போட்டோ எடு, போட்டோ எடு" என்றாள். அந்தச் சிரிப்புக்குள் என் மகளின் சிரிப்பும் கேட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா? எல்லோரையும்விடச் சத்தமாக அவள்தான் சிரித்தாள்.

ஆட்டோ போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருந்தது, எழுந்து திறக்க வேண்டியதுதான். திறந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்து அழுதாள். "சிரிக்கலன்னா கண்டுபிடிச்சிருவாளுகம்மா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. என்னிடமிருந்துதானே அதைக் கற்றுக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் லீவுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒருநாள் அவளிடமிருந்து ஒரு வீடியோ லிங்க் வந்தது. கீழே, "எம்மா, அப்பாவோட சொந்தக்காரங்களக் கண்டுபிடிச்சிட்டேன்" என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாள்.

அது ஒரு வெளிநாட்டு ஆவணப்படம். எப்போதும் மேகம் மூடியிருக்கிற ஏதோ ஒரு குளிர் தேசம். அங்கே விசித்திரமாக வாழ்கிற மனிதர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் படம் எடுத்திருந்தார்கள். கீழே ஓடிய தமிழ் எழுத்துகளை மெஷின்தான் போட்டிருக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிடுகிற இடத்தில், "உணவு தயாராக உள்ளது அன்பரே" என்று வந்தது. ஆனாலும் விளங்கியது.

மெஷின் மேல் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு, கையில் இருந்த நைட்டிக்குக் கழுத்துப் பட்டி அடித்தபடியே பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஒரு ஆள் வந்தார். மஞ்சள் நிறத்தைத் தவிர வேறு எதையும் உடுத்தமாட்டார், தொடமாட்டார். வீடு, சட்டை, கரண்டி எல்லாம் மஞ்சள். அடுத்து ஒருவர் தன் வீட்டுக்கு அடியில் வருஷக்கணக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார். எங்கே போகிறது என்று கேட்டால், "இன்னும் தெரியவில்லை" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இதைப் பார்க்கவா நான் பிறந்தேன், என் வீட்டில் இல்லாததா என்று போனைக் கவிழ்த்து வைக்கப் போனேன். அப்போதுதான் அந்தத் தோண்டுகிறவரின் அக்காவைப் பார்த்தேன்.

அந்த அம்மாளை யாரும் பேட்டி எடுக்கவில்லை. தம்பி குழியிலிருந்து தலையை நீட்டுகிறார். பின்னாலிருந்து ஒரு கை துண்டை நீட்டுகிறது. கேமரா கொஞ்சம் நகரும்போது அந்தக் கைக்குரிய முகம் தெரிகிறது. "துடைத்துவிட்டு உள்ளே வா" என்கிறார். அவ்வளவுதான். தரையெல்லாம் மண். துடைப்பம் சுவரில் சாய்ந்திருக்கிறது. அந்தத் துடைப்பம் தேய்ந்திருந்த தேய்மானத்தைப் பார்த்ததும் என் கால் மெஷின் பெடலை விட்டுவிட்டது.

அடுத்து வந்தவர் கப்பல் கட்டுகிறவர். கடல் கண்ணுக்கே எட்டாத ஊரில், வீட்டு முற்றத்தில் மரக் கப்பல். கூரைக்கு மேலே உயர்ந்து நின்றது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், கப்பலின் கைப்பிடியில் அவர் மனைவி ஈரத் துணிகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். குட்டை முடி. படம் எடுக்கிறவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இந்தக் கப்பல் பிடிக்குமா?" என்று கேட்டார்.

"கப்பல் அவருடையது. துணி என்னுடையது" என்றார் அந்த அம்மாள்.

"விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று எப்போதாவது நினைத்தீர்களா?"

"எப்படிப் போவது? கேட்டை மறித்துக் கப்பல் நிற்கிறதே!"

உண்மையாகவே கப்பல் வளர்ந்து வளர்ந்து கேட்டைத் திறக்க முடியாதபடி ஆகிவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தோட்டம் வழியாகத்தான் அவர்கள் போக வர இருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரித்தார். நானும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. முழங்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தை மறுபடி பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

அந்த ஆடி மாதம் முழுவதும் அந்தப் படம்தான் எனக்குத் துணை. தினமும் மத்தியானம் சோறு வடித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் முதலில் அதைப் போடுவேன். மஞ்சள் ஆளைத் தள்ளிவிடுவேன். அவருக்கு யாருமில்லை. துண்டு கொடுக்கிற கை, கப்பலில் துணி காயப் போடுகிற அம்மாள், இவர்கள் வருகிற இடங்கள் எனக்கு அத்துப்படி. "வந்துட்டியளா?" என்று வாய்விட்டுக் கேட்டதுகூட உண்டு. என் குறைக்கு ஒரு பெயர் இல்லை என்பதுதான் என்னை அதுவரை நெரித்துக்கொண்டிருந்தது. படம் பார்த்த பிறகும் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் ஆள் கிடைத்தது. ஏதோ ஒரு மூலையில், குடிக்காத, அடிக்காத ஒரு புருஷனோடு, போக வழியில்லாமல் இன்னொருத்தியும் நின்றிருக்கிறாள். அதை எண்ணிக்கொண்டு குழாய்களைத் துடைக்கும்போது கை கொஞ்சம் லேசாக இருந்தது.

அவரிடம் மட்டும் அதைக் காட்டவில்லை. கப்பலைப் பார்த்துவிட்டு இன்னும் நாலு குழாய் அதிகமாகக் கொண்டு வந்துவிடுவார் என்று பயம். ஆனால் ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து அவர் கொஞ்சம் முந்தி வந்துவிட்டார். நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது யாரு?" என்றார்.

"யாரோ வெளிநாட்டுக்காரரு. வீட்டுல கப்பல் கட்டுதாராம்."

கையில் இருந்த சோற்றுப் பையைக் கீழே வைக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் பயந்தபடியே ஆரம்பித்தார். "அடிப்பலகைக்கு என்ன மரம் போட்டிருக்காரு? இவ்வளவு வெயிட்ட எப்படிட்டி நிறுத்தினாரு?" கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். போச்சு, இவருக்குக் கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

அப்போது அந்த அம்மாள் வந்தார். பேசினார். சிரித்தார். இவர் பேச்சு நின்றது.

"அத மறுபடி போடு."

கப்பலைத்தான் கேட்கிறார் என்று பின்னால் தள்ளினேன். போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இந்தம்மா சிரிக்கிறது சிரிப்பில்லட்டி" என்றார்.

"பெறகு?"

"தெரியல. சிரிப்பில்ல." போனை என்னிடம் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஐயரவாள் வீட்டுக்கு வந்தன்னைக்கு நீயும் இப்படித்தான் சிரிச்ச."

"பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"பாக்காம?"

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

சோற்றுப் பையை அடுப்படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கை கால் கழுவப் போய்விட்டார்.

இந்த மனுஷருக்கு ஒன்றும் தெரியாது, குழாயைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். தெரிந்துகொண்டேதான் இருந்தார் என்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பேசாமல் சோறு போட்டேன். அவரும் பேசாமல் சாப்பிட்டார். பேசாதிருப்பது எங்கள் வீட்டில் புதிதில்லை. ஆனால் அந்த வாரம் அவர் ஒரு குழாயைக்கூட எடுத்துத் துடைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றேன்.

"பின் ரூம் எனக்கு வேணும்" என்றேன்.

"அங்கன குழாய்லாம் கெடக்கே."

"தெரியும்."

"எங்கன கொண்டு போடச் சொல்லுத?"

"அது எனக்குத் தெரியாது. குழாய் உங்களுது. அந்த ரூம் எனக்கு. ஒரு மெஷினு, ஒரு நாற்காலி, நான். வேற ஒண்ணும் அதுக்குள்ள வரக்கூடாது."

அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு சொல்லலயே" என்றார் மெதுவாக. அதைத்தான் இவ்வளவு நாளும் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தார் போல.

"சொல்லல" என்றேன்.

அவர் ரூமை ஒரே மூச்சில் காலி செய்யவில்லை. தினமும் வேலை விட்டு வந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். ஒவ்வொன்றையும் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொண்டுபோவது என்று நிற்பார். பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட அன்று வாசலில் அப்படித்தான் நின்றார். பெரும்பாலும் மொட்டைமாடிக்குப் போயின. மாடியில் கூட்டம் கூடக் கூட, காற்றில் ஊளையும் கூடியது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்: "ஏம்மா, எழவு வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கது மாதிரில்லா இருக்கு. எம் பேரன் பயந்துபோய்க் காய்ச்சலா கெடக்கான்."

அவள் சொன்னது நியாயம். நைட்டி தைத்து மிஞ்சிய வெட்டுத் துணி மூட்டையாகக் கிடந்தது. அதையெல்லாம் ஒட்டுப் போட்டு, வட்டமாக வெட்டி, விளிம்பில் எலாஸ்டிக் வைத்துக் குழாய் வாய்க்கெல்லாம் உறை தைத்துக் கொடுத்தேன். ஊர் வாய்க்கு அது போதாதா? "குழாய்க்கு நைட்டி போட்டுட்டாவ" என்று தெருவே சிரித்தது. முன்பு அவர் ஒருத்தர்தான் கிறுக்கு. இப்போது நானும் சேர்ந்துவிட்டேன். ஊளை மட்டும் அடங்கியது.

பின் ரூம் கதவு கீழே உரசித் திறக்க முடியாமல் இருந்தது. கரிசல் மண்ணில் கட்டிய வீடு அப்படித்தான். மழைக்கு மண் உப்பும், வெயிலுக்குப் பிளக்கும், நிலையும் கதவும் கோணிக்கொள்ளும். அவரே கதவைக் கழற்றி அடியில் இழைத்துப் போட்டார். சுவர் விரிசலுக்குச் சிமெண்ட் பூசினார். நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் ஓரம் போட்டேன். அந்த ஜன்னலைத் திறந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. வெளியே பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் சுவர், ஒரு முருங்கை, அதற்கு அப்பால் கூட்ஸ் வண்டி போகும்போது தெரிகிற மேல் பாதி. முதல் நாள் அங்கே நான் தைக்கவே இல்லை. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தேன். எதிலும் இடிக்கவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிட முடியாது. ஐப்பசியில் நல்ல மழை. தைத்ததைக் கொடுத்துவிட்டு வரப் புதியம்புத்தூர் போயிருந்தேன். நனைந்துகொண்டு திரும்பி வந்து பார்த்தால் பின் ரூமில் மூன்று குழாய்கள். வேலைக்குப் போகும் முன் அவர் புதிதாகக் கொண்டுவந்து வைத்தவை. மழைக்கு ஒதுங்கின மாதிரி சுவரோரமாக இருந்தன.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. ஒன்று ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டேன். மழைக்குள் அவை உருண்டு ஓடின. மில்லிலிருந்து வந்துகொண்டிருந்த அவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள்.

"எங்கன வேணும்னாலும் வைங்க! என் தலைமேலகூட வைங்க! இந்த ரூம்ல வைக்காதீங்க!" என்று கத்தினேன். அந்தத் தெருவில் என் குரல் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ரெயின்கோட்டோடு தெருவில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒன்று சாக்கடைக்குள் போயிருந்தது. அதைக் கையை விட்டு எடுத்துக் கழுவினார். ஹாலில் மற்றவற்றோடு கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் எழுந்து போய் உதவவில்லை.

கிறிஸ்மஸ் லீவுக்கு மகள் வந்தாள். ரூமைப் பார்த்துவிட்டு, "எம்மா, இங்கன ஜன்னல் இருந்துச்சா?" என்றாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். அவள் மஞ்சள் ஆளுக்குச் சிரித்தாள். கப்பல்காரர் மனைவி வந்தபோது சிரிக்கவில்லை.

"இந்தம்மா இப்ப எப்படி இருக்காவளோ" என்றேன்.

அவள் படத்துக்குக் கீழே இருந்த கருத்துகளைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். படம் நாங்கள் நினைத்ததைவிடப் பழையது. அந்தத் தெருவில் வளர்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். கப்பல் கட்டியவர் இறந்துபோனார், கப்பல் முடியவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரித்துத் தருகிறோம் என்றபோது அந்த அம்மாள் சரி என்று சொல்லப் பல மாதம் ஆயிற்று. பிரித்த பிறகு வீட்டை விற்றுவிட்டுத் தங்கை ஊருக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

மகள் போனை வைத்துவிட்டாள். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. பல மாதம் ஏன் யோசித்தார்? வழி திறந்துவிட ஆள் வந்தும் ஏன் நின்றார்? அன்பு என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றைச் சுற்றிச் சுற்றியே நடந்து பழகிய காலுக்கு, அது இல்லாத இடத்தில் எப்படி நடப்பது என்று தெரியாமல் போயிருக்கலாம். கேட்கலாமென்றால் அந்த அம்மாளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீடு இன்னும் குழாய் வீடுதான். ஹாலில் ஒருக்களித்துத்தான் நடக்கிறேன். சில நாள் அடுப்படியில் நிற்கும்போது மூச்சு முட்டும். ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் என்ன என்று தோன்றும். ஏறுவதில்லை. கையில் இருக்கிறதை அப்படியே வைத்துவிட்டுப் பின் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது கதவில் சத்தம் கேட்டது. யாரோ விரலால் தட்டினார்கள். வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் யார் கதவையும் தட்டியதில்லை.

"என்ன?" என்றேன்.

"உள்ள வரலாமா?"

"கையில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லட்டி. வெறுங்கைதான்."

"வாங்க" என்றேன்.

உள்ளே வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டார். சொன்னேன். மில்லில் ஒரு மோட்டார் எரிந்துபோனதைப் பற்றிச் சொன்னார். கேட்டுக்கொண்டே தைத்தேன். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தார்.

"சாத்திட்டுப் போகட்டா?" என்றார்.

"தொறந்தே கெடக்கட்டும்" என்றேன்.